மூன்று மில்லிமீட்டரும் ஓர் அடுப்பும்

2020 பிப்ரவரியில், என் அக்கா மகளுக்கு ஒரு வயது நிறைந்த வாரத்தில், எங்கள் ஊர் அங்கன்வாடியில் அவளைப் படுக்க வைத்து அளந்தார்கள். ஒரு நீளப் பலகை, அதன் தலைமாட்டில் அசையாத கட்டை, கால்மாட்டில் நகரும் கட்டை, ஓரத்தில் அளவுகோல்; இவ்வளவுதான் அந்தக் கருவி. ஆயா தலையைப் பிடித்துக்கொள்ள, டீச்சர் முழங்கால்களை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் கட்டையைத் தள்ளி உள்ளங்காலில் முட்ட வைத்தார். குழந்தை ஊரே கூடும்படி வீறிட்டது. 68.6 என்று டீச்சர் படித்தார், பிறகு அட்டவணையைப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

"என்ன டீச்சர், கம்மியா?" என்றாள் அக்கா.

"முட்டி மடங்கிடுச்சு. இன்னொரு தடவை புடிங்க."

இரண்டாம் முறை 69.1 வந்தது. ஒரு வயது நிறைந்த பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை போட்டிருக்கும் கோடு 68.9. முதல் அளவில் மூன்று மில்லிமீட்டர் குறைந்ததால் 'வளர்ச்சி குன்றியவள்' ஆகியிருக்க வேண்டியவள், இரண்டாம் அளவில் இரண்டு மில்லிமீட்டர் கூடியதால் தப்பினாள். அக்காவுக்கு மகிழ்ச்சி. எனக்கு அந்த மூன்று மில்லிமீட்டர் பல ஆண்டுகளாக மனத்தைவிட்டுப் போகவில்லை.

அந்தக் கோடு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து, நல்ல வசதியில் வளர்ந்த குழந்தைகளை அளந்து 2006இல் வெளியிட்ட அளவீடு அது. இந்தியப் பிள்ளைகள் தெற்கு டெல்லியின் வசதியான குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒரு வயதுப் பெண் குழந்தையின் நடு அளவு 74.0 சென்டிமீட்டர், அதிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் (அளவுகள் நடுவிலிருந்து வழக்கமாகச் சிதறும் தூரத்தைப் போல் இரண்டு மடங்கு) கீழே இறங்கினால் 68.9. தாய் புகைபிடிக்காதவராக இருக்க வேண்டும் என்பது அந்தக் குழந்தைகளைத் தேர்ந்தெடுக்க வைத்த நிபந்தனைகளில் ஒன்று. சிகரெட்டைத்தான் சொல்கிறார்கள். ஆனால் விறகுப் புகை நிறைந்த எங்கள் அடுப்படியை நினைத்துப் பார்த்தபோது அந்த நிபந்தனையைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது அக்காவுக்கு ஆறாம் மாதம். அடுப்படியின் ஓடுகள் பாதிக்கு மேல் போயின. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. கேஸ் சிலிண்டர் காலியாகி, மறு சிலிண்டர் எப்போது வரும் என்று தெரியாமல் போனது. ஆனால் விறகுக்கு மட்டும் அந்த ஆண்டு பஞ்சமே இல்லை. கொல்லையில் சாய்ந்த தென்னை, தெருவில் சாய்ந்த மா, கடற்கரையோரம் வரிசையாகச் சாய்ந்த சவுக்கு என்று எங்கு திரும்பினாலும் மரம் கிடந்தது. எல்லாம் பச்சை மரம், அதன்மேல் ஐப்பசி, கார்த்திகை மழை. ஈரத் தென்னை மட்டையை அடுப்பில் வைத்து ஊதியவர்களுக்குத்தான் அது என்ன புகை என்று தெரியும். விறகில் இருக்கும் நீர் ஆவியாகப் போவதற்கே நெருப்பின் சூட்டில் கணிசமான பங்கு செலவாகிவிடுகிறது. சூடு போதாத நெருப்பில் மரம் முழுதாக எரியாமல் பாதி வெந்து, கரியும் தாரும் கார்பன் மோனாக்சைடுமாக வெளியேறுகிறது. அம்மா மூன்று மாதம் அதில்தான் சமைத்தார். அக்கா எட்டடி தள்ளி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

பிள்ளை பிறந்த பிறகு தூளி வந்தது. எங்கள் வீட்டில் தூளி எப்போதும் அடுப்படியின் உத்தரத்தில்தான் தொங்கும். அம்மாவின் பிரசவங்களிலும் அப்படித்தான், பாட்டியின் பிரசவங்களிலும் அப்படித்தான். காரணம் எளியது. தூளியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டால், கை இரண்டும் அடுப்பில் இருக்கும்போதே பிள்ளையை ஆட்டலாம். நான் பார்த்த தாயன்பின் மிக நேர்த்தியான பொறியியல் அது. பிள்ளையைப் புகைக்குள்ளேயே வைத்திருக்கும் பொறியியலும் அதுதான். கயிற்றின் நீளம் ஆறேழு அடிதான் இருக்கும். புகை அடர்ந்து நிற்கும் இடத்துக்குள்தான் அந்த ஆறேழு அடியும் அடங்கும்.

ஒரு வயதுக் குழந்தை நிமிடத்துக்கு முப்பது தடவைக்கு மேல்கூட மூச்சு விடும். நமக்கு அதில் பாதிதான். உடல் எடையோடு ஒப்பிட்டால் அது உள்ளே இழுக்கும் காற்று நம்முடையதைவிட மிக அதிகம். விறகுப் புகையில் கெடுதல் செய்வது கண்ணைக் கரிக்கும் பகுதி மட்டுமன்று. தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத, பிஎம் 2.5 என்று குறிக்கப்படும் நுண்துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. கருவுற்றவள் அதைச் சுவாசித்தால் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குப் போகும் ஆக்ஸிஜன் குறைகிறது. பிறந்த பிறகு சளியும் நெஞ்சுக்கட்டும் அடிக்கடி வந்தால், காய்ச்சலில் பசி போகிறது, உண்டதும் எலும்பு நீள்வதற்குப் பதில் நோயோடு மல்லுக்கு நிற்பதில் செலவாகிறது. உடம்பில் தணியாமல் நீடிக்கும் அழற்சி, வளர்ச்சி ஹார்மோனின் ஆணையை எலும்பு நுனிகள் சரியாகக் கேட்கவிடாமல் செய்கிறது. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் அடுப்பிலிருந்து அளவுப் பலகை வரை ஒரு சங்கிலி ஒரு கண்ணியும் விடாமல் தெரிகிறது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

நம்புவதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருந்தது. கிராமப்புறத் தமிழகத்தில் பிறந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், விறகும் வரட்டியும் எரித்த வீடுகளில் எடை குறைந்து பிறப்பதற்கான வாய்ப்பு மற்ற வீடுகளைவிட 49 சதவீதம் கூடுதலாக இருந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டு நகரங்களிலும் கிராமங்களிலுமாக 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2018இல் எழுதியது இன்னும் நுட்பமானது: கர்ப்ப காலத்தில் சுவாசிக்கும் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைகிறது. நான்கு கிராம் என்பது ஒரு மேசைக்கரண்டி அரிசிகூட இல்லை. ஆனால் எங்கள் அடுப்படி போன்ற இடத்தில் அந்தப் பத்து பல தடவை சேரும்.

இருந்தாலும் இந்த வகை ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. விறகு எரிக்கும் வீடு விறகு மட்டும் எரிக்கும் வீடு இல்லை. அந்த வீட்டில்தான் முட்டை குறைவு, அந்தத் தாய்தான் பத்தொன்பது வயதில் ரத்தசோகையோடு கருவுற்றாள், அந்த வீட்டுக்குத்தான் குடிநீர் குழாய் தொலைவில். புள்ளியியல் முறைகளால் இவற்றையெல்லாம் கழித்துப் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது. வறுமை ஒரு மூட்டை. அதில் புகையை மட்டும் தனியே உருவி எடுத்து எடைபோட வேண்டுமானால், குலுக்கல் முறையில் சில வீடுகளுக்கு மட்டும் புகையை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அதைத்தான் செய்தார்கள், அதுவும் எங்கள் மாவட்டத்தில். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்று நான்கு நாடுகளில் ஹாபின் என்ற பெயரில் நடந்த அந்த ஆய்வுக்கு, இந்தியாவில் நாகப்பட்டினமும் கள்ளக்குறிச்சிப் பகுதியும் களங்கள். இங்கே நடத்தியது மேலே சொன்ன அதே சென்னை நிறுவனம். 2018 முதல் 2020 தொடக்கம் வரை, நான்கு நாடுகளிலுமாக 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வேண்டிய சிலிண்டர்களும் இலவசம், வீட்டு வாசலுக்கே வரும். மீதிப் பாதிப் பேர் வழக்கம்போல விறகில் சமைத்தார்கள். நுண்துகளை அளக்கும் கருவியை உடம்பில் மாட்டிக்கொண்டு இருபத்துநான்கு மணி நேரம் நடமாடினார்கள் அந்தப் பெண்கள். என் அக்கா அதில் இல்லை. ஆனால் அவள் கருவுற்றிருந்ததும், பிள்ளை பலகையில் வீறிட்டதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான்.

இந்த ஆய்வைப் பற்றி நான் மதிக்கும் விஷயம், அது அரைகுறையாக நடக்கவில்லை என்பது. இதற்கு முன் 'மேம்பட்ட விறகடுப்பு' கொடுத்துப் பார்த்த சோதனைகள் பலவற்றில் புகை பெரிதாகக் குறையவே இல்லை; அடுப்பு மூலையில் கிடந்தது, அல்லது புகைபோக்கியில் கரி அடைத்தது. குவாத்தமாலா மலைக் கிராமங்களில் 534 வீடுகளில் புகைபோக்கி அடுப்பு வைத்துப் பார்த்த பழைய சோதனையில் கடுமையான நிமோனியா குறைந்தது. ஆனால் மொத்த நிமோனியாவில் கண்ட 22 சதவீதக் குறைவை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஹாபினில் புகை உண்மையாகவே குறைந்தது. கர்ப்ப காலத்தில் பெண்கள் சுவாசித்த நுண்துகளின் சராசரி விறகு வீடுகளில் 103 மைக்ரோகிராம், கேஸ் வீடுகளில் 35. பிறந்த பிறகு 109க்கு 38. மூன்றில் இரண்டு பங்கு புகை போய்விட்டது. இனி குழந்தைகள் வளர வேண்டியதுதான் பாக்கி.

வளரவில்லை. 2022இல் வெளியான முதல் முடிவில் பிறப்பு எடையின் சராசரி கேஸ் வீடுகளில் 2,921 கிராம், விறகு வீடுகளில் 2,898 கிராம். தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய வேறுபாடு. 2024இல் வந்த முடிவுதான் என்னை உட்கார வைத்தது. ஒரு வயதில் வளர்ச்சி குன்றியிருந்த குழந்தைகள் விறகு வீடுகளில் 25.2 சதவீதம், கேஸ் வீடுகளில் 27.4 சதவீதம். கேஸ் கெடுதல் செய்தது என்று இதற்குப் பொருள் இல்லை, அந்தச் சிறு வேறுபாடும் தற்செயலின் எல்லைக்குள்தான். ஆனால் நன்மை செய்தது என்று சொல்ல ஒரு நூலிழைகூட அதில் இல்லை. கடுமையான நிமோனியாவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிட்டவில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு ஏமாற்றத்தைவிட எரிச்சல்தான் மிகுதியாக இருந்தது. நான் கட்டி வைத்திருந்த சங்கிலி அறுந்துவிட்டது என்ற எரிச்சல். பிறகு, ஏன் என்று யோசித்தேன். 38 மைக்ரோகிராம் என்பதும் தூய காற்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஆண்டு வரம்பு வெறும் 5. பக்கத்து வீட்டு விறகும், தெருமுனையில் எரியும் குப்பையும், சாலையின் தூசியும் கேஸ் அடுப்பு வைத்த வீட்டுக்குள்ளும் வந்துகொண்டேதான் இருக்கும். கருவுற்றுச் சில மாதங்கள் கழித்துத்தான் அடுப்பு மாறியது. நஞ்சுக்கொடி உருவாகும் தொடக்க வாரங்களுக்கு அது போய்ச் சேரவில்லை. இவை எல்லாம் நியாயமான விளக்கங்கள். ஆனால் என் அபிப்பிராயத்தில் பெரிய விளக்கம் வேறு: குழந்தையின் உயரம் ஒரே ஒரு கையால் பிடித்து இழுத்தால் நகரும் பொருள் இல்லை. 2018இல் வங்காளதேசத்திலும் கென்யாவிலும், அதையடுத்து ஜிம்பாப்வேயிலும் இதேபோலக் குலுக்கல் முறையில் கழிப்பறையும் சுத்தமான நீரும் கைகழுவும் வசதியும் கொடுத்துப் பார்த்தார்கள். உயரம் அசையவில்லை. இணை உணவு கொடுத்த வீடுகளில் மட்டும் சற்றே அசைந்தது. தாயின் உயரம், அவள் சிறுமியாக இருந்தபோது உண்டது, பிரசவங்களுக்கு இடைப்பட்ட காலம், ஆறாம் மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் வாயில் பருப்பும் முட்டையும் எத்தனை நாள் போகிறது என்பதெல்லாம் அந்தப் பலகையில்தான் வந்து படுக்கின்றன. ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் போதுமான உணவு பெறுபவர்கள் 11 சதவீதம்தான். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. என் அக்காவின் உயரம் நாலடி பத்தங்குலம் என்பதையும் இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் புகை கிடக்கட்டும் என்று விட்டுவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தக் கேள்வியில்தான் எனக்குக் கோபம். புகை குழந்தையின் உயரத்தைக் குறைக்கிறது என்று நிரூபித்தால்தான் அதை அடுப்படியிலிருந்து அகற்றுவோம் என்று யார் நிபந்தனை போட்டது? 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே கருவி மாட்டி அளந்தபோது, சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 7 மில்லிகிராம் துகள்கள் இருந்தன. அந்த எண்ணே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாக அந்தப் பெண்ணின் இருமலையும், நாற்பத்தைந்து வயதில் அவள் கண்ணில் விழுந்த புரையையும் ஓரமாக வைத்துவிட்டு, அவள் பிள்ளையின் எடையிலும் நீளத்திலும்தான் அவளுக்கான நியாயத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைக்குக் கெடுதல் என்றால் காசு ஒதுக்குவார்கள். அவளுக்குக் கெடுதல் என்றால் பழகிப்போனது என்பார்கள். எங்கள் அம்மா அறுபத்தொரு வயதில் மாடிப்படி ஆறு ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். எந்த அட்டவணையிலும் அவருக்கு ஒரு கோடு போடப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்தாம் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டு வீடுகளில் 82.9 சதவீதம் தூய எரிபொருளில் சமைப்பதாக வருகிறது. 2006க்குப் பிறகு இங்கே இலவசமாக அடுப்பும் இணைப்பும் கொடுத்த திட்டத்துக்கு அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் ஆய்வு கேட்பது, முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள் என்று. எங்கள் வீடும் அந்த 82.9க்குள்தான் இருக்கிறது. காலைக் காப்பியும் குழம்பும் கேஸில். சோறு, நெல் அவிப்பு, கோழிக்கறி, மாட்டுக்குக் காய்ச்சுவது எல்லாம் விறகில். பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் மூன்று மாதம் தினமும் அண்டா அண்டாவாகப் போடும் வெந்நீர், கேள்விக்கே இடமில்லாமல், விறகில். அதற்கு மேல் குளிப்பாட்டிய பிள்ளையைத் தணலில் சாம்பிராணி தூவித் தூக்கிக் காட்டுவது. நுண்துகள் கருவிக்கு அடுப்புப் புகையும் வாசனைப் புகையும் ஒன்றுதான் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "உனக்கும் இப்படித்தான் போட்டேன், நீ என்ன குட்டையாவா போயிட்ட?" என்று கேட்டார். ஹாபின் முடிவை அவர் என்னைவிட முன்பே அறிந்திருந்தார் போலும்.

விறகைப் பிடித்துக்கொண்டிருப்பது பழக்கம் மட்டும் இல்லை. சென்னையில் வீட்டு சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. பிறகு குறைந்து, 2025 ஏப்ரலில் 868 ரூபாய் 50 காசு. எங்கள் ஊருக்கு வர வண்டிக்கூலி தனி. நடவுக்கும் களைக்கும் போகும் பெண்ணுக்கு அது மூன்று நாள் கூலி. கருவேலமுள் வெட்டிக் கட்டித் தலையில் வைத்து வருவதற்குக் கூலி யாரும் கணக்குப் பார்ப்பதில்லை என்பதால் அது இலவசம்.

நாங்கள் செய்தது சிறிய காரியம். கஜாவில் போன ஓடுகளை மாற்றியபோது, அம்மாவின் எதிர்ப்பை மீறி, வெந்நீர் அடுப்பையும் நெல் அவிக்கும் அடுப்பையும் கொல்லையில் முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், தகரம் ஒன்றை மேலே போட்டோம். தூளியைக் கூடத்து உத்தரத்துக்கு மாற்றினோம். கயிறு அடுப்படி வரை எட்டவில்லை. அம்மா இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, பழைய நைலான் கொடிக்கயிற்றை அதில் முடிந்து, நிலைப்படியைத் தாண்டி, சுவர் மூலையைச் சுற்றி, இருபதடி தூரத்துக்கு நீட்டிக்கொண்டார். பிள்ளை நடக்கத் தொடங்கும்வரை அந்தக் கயிற்றில் யாராவது ஒருவர் தினமும் தடுக்கி விழுந்தோம்.

அவள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். வகுப்பு வரிசையில் முன்னாலிருந்து மூன்றாவதாக நிற்கிறாள்.